பருத்தியும் களையும்: முதல் 45 நாட்கள்

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களின் செலவுக் கணக்கைச் சங்கங்களில் பார்வையிடும்போது நாம் பல இடங்களில் ஒன்றைக் காண்கிறோம். விதைக்கும் உரத்திற்கும் உரிய நாளில் பணம் செலவாகியிருக்கிறது. களைவெட்டுக் கூலி மட்டும் இரண்டு மூன்று வாரம் பிந்தியே பதிவாகியிருக்கிறது. விளைச்சல் ஏன் குறைந்தது என்று கேட்பவர்க்கு அந்த ஏடே பாதி விடை கூறிவிடும்.

பருத்தி தொடக்கத்தில் மெல்ல வளரும் செடி. அது மூன்றாம் இலை விடுவதற்குள் சாரணையும் புல்வகைகளும் தரையை மூடிவிடுகின்றன. விதைத்த நாள்முதல் 45 நாட்களேனும், கூடுமாயின் 60 நாட்கள் வரையிலும், நிலம் களையின்றி இருத்தல் வேண்டும். பின்னர்ச் செடி கிளை விரித்துத் தன் நிழலாலேயே களையை அடக்கிக்கொள்ளும். அறுபதாம் நாள் செய்யும் களைவெட்டு நிலத்தைத் துப்புரவாகக் காட்டுமேயன்றி, இழந்த காய்களை மீட்டுத் தராது. ஆதலின் பயிர்க்கடனில் களைவெட்டுக்குரிய தொகை இருபதாம் நாளுக்கு முன்பே அங்கத்தினர் கையில் சேருமாறு சங்க நிர்வாகிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நமது கருத்து.

விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிகளின் மானாவாரிக் கரிசலில் இதற்குத் தனி இடையூறு உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து பெய்தால் காட்டில் கால் வைக்க இயலாது. களையோ ஓயாது வளரும். எனவே மழை விட்டு மண் சற்று உலர்ந்த முதல் நாளையே களைவெட்டுக்குப் பயன்படுத்த வேண்டும். வரிசை விதைப்பாயின் இடையே மாட்டைப் பூட்டிப் பலுகு ஓட்டலாம். செடியின் அடியில் மட்டும் களைக்கொத்தால் கொத்தினால் போதும். ஊடுபயிராக உளுந்து விதைப்பதும் வெற்றிடத்தைக் களைக்கு விடாமல் காக்கும். கோரைக்கு இவை போதா. அதன் கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால், கோடை உழவில் அதனை மேலே புரட்டி வெயிலில் காயவிடுதலே தக்க வழி.

வரப்புக் களைகளையும் விட்டுவைத்தல் ஆகாது. துத்தி பருத்தியின் இனத்தைச் சேர்ந்தது. அதிலும் பார்த்தீனியத்திலும் தங்கும் மாவுப்பூச்சி அங்கிருந்து பருத்திக்குப் பரவும். நெசவாளரான வாசகர்க்கும் இதில் பங்குண்டு. களை மண்டிய காட்டில் எடுக்கும் பருத்தியில் காய்ந்த இலைத்தூளும் புல் விதையும் ஒட்டிக்கொள்ளும். ஆலையில் நீங்காமல் எஞ்சுபவை நூலில் முடிச்சாகவும் துணியில் புள்ளியாகவும் தோன்றும்.

இறவைப் பருத்திக்குக் களைக்கொல்லி இடுவோர், விதைத்த மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, 30 சதப் பெண்டிமெத்தலினை ஏக்கருக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து சீராகத் தெளிக்கலாம். இது முளைக்கும் விதையை அழிக்குமேயன்றி, வளர்ந்து நிற்கும் களையை ஒன்றும் செய்யாது. நாற்பதாம் நாளை ஒட்டி ஒரு கைக்களையும் வேண்டும்.

களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி என்று சில இடங்களில் மறைவாக விதை விற்கப்படுகிறது. 2002இல் நம் நாட்டில் அனுமதி பெற்றது காய்ப்புழுவை எதிர்க்கும் பருத்தியே. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்திக்கு அனுமதி அளிக்கப்படவில்லை. பட்டியலின்றி வாங்கிய விதை முளைக்காவிடில் யாரிடம் முறையிடுவது? அதை நம்பித் தெளிக்கும் மருந்து காற்றில் சென்று அடுத்த காட்டிலுள்ள சாதாரணப் பருத்தியையும் கருக்கிவிடும்.

இறுதியாகச் சங்கத்தின் வாடகைத் தெளிப்பான் பற்றி ஒரு சொல். சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கும் 2,4-டி மருந்து பருத்திக்குக் கொடிய நஞ்சு. கலத்தில் சிறிதளவு தங்கியிருந்தாலும் பருத்தியின் இலை வெண்டை இலைபோல் பிளவுண்டு நீளும். நீரால் அலசினால் போகும் என்று எண்ண வேண்டா. அம்மருந்துக்கெனத் தெளிப்பான் ஒன்றைத் தனியே ஒதுக்கி, அதன்மேல் சிவப்பு வண்ணம் பூசி, வாடகைப் பதிவேட்டிலும் அதன் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும்.