சிறார்க்குச் சாலைப் பாதுகாப்பு: இணையவழிப் பயிற்சியின் பயனும் எல்லையும்

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. மாண்டவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். நாள்தோறும் நடந்தே பள்ளி செல்லும் நம் சிறாரை எண்ணுங்கால், சாலையைக் கடக்கும் கலையைத் தொடக்க வகுப்பிலேயே கற்பித்தாக வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. எவ்வாறு கற்பிப்பது என்பதே கேள்வி.

சிறுவர் என்போர் அளவிற் குறைந்த பெரியவர் அல்லர். கிளாஸ்கோ நகரின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழக உளவியலார் 1990களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வில், ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகள் கண்ணுக்கு வாகனம் தென்படாத இடமெல்லாம் கடக்கத் தக்க இடமே என முடிவு செய்தனர். வளைவு, மேட்டின் உச்சி, நிறுத்தி வைத்த வண்டியின் மறைவு ஆகியவை அவர்களுக்கு ஆபத்தாகத் தோன்றவில்லை. பேருந்தின் முன்புறமாகத் திடீரென ஓடிவரும் குழந்தையைக் கண்டு நாம் பதறுகிறோம். அது குறும்பு அன்று, அவ்வயதின் இயல்பு.

இணையவழிப் பயிற்சி துணைபுரிவது இவ்விடத்தில்தான். மறைவான வளைவை வானிலிருந்து காண்பது போலக் காட்டி, அதற்கு அப்பால் வரும் லாரியைக் குழந்தைக்குப் புலப்படுத்தலாம். தவறான இடத்தைத் தொட்டால் காரணத்தை உடனே விளக்கலாம். உயிருக்கு ஊறின்றி நூறு முறை தவறு செய்யும் வாய்ப்பைத் தெரு தருவதில்லை; திரை தருகிறது.

ஆயினும் விரலால் தொட்டதும் பொம்மை மறுகரை சேர்ந்துவிடும் விளையாட்டு தீங்கே விளைவிக்கும். இருவழித்தடச் சாலையின் அகலம் பொதுவாக 7 மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் குழந்தைக்கு 7 நொடி தேவை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் அதற்குள் ஏறத்தாழ 97 மீட்டர் கடந்துவிடும். இந்த 7 நொடியைத் திரையிலும் முழுமையாகக் காத்திருக்கச் செய்யாத பயிற்சி, காலத்தைப் பற்றிப் பொய் சொல்லுகிறது.

இன்னொரு குறை நம்மவர் பெரிதும் கவனியாதது. வலப்பக்கமாக வண்டியோட்டும் அமெரிக்கா போன்ற நாடுகளில் உருவான விளையாட்டுகள், முதலில் இடப்புறம் பார்க்கக் கற்பிக்கின்றன. இடப்பக்கமாகச் செல்லும் நம் சாலையில் அருகே வரும் வாகனம் வலப்புறத்திலிருந்தே வருகிறது. எனவே வலம், இடம், மீண்டும் வலம் என்பதே நமக்குரிய முறை. எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்கள் பெருகிவிட்ட நம் நகரங்களில் ஒருவழிச் சாலையிலும் இருபுறமும் பார்க்க வேண்டியிருப்பது வேறு கதை! பள்ளிக்கென ஒரு பயிற்சியைத் தெரிந்தெடுக்கும் அலுவலர் படங்களின் அழகைக் காணுமுன் இதைச் சோதித்தல் வேண்டும்.

நடந்து செல்வோர்க்கான பாதுகாப்புக் கல்வி குறித்த 15 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு 2002இல் வெளிவந்தது. கல்வியால் அறிவும் சில வேளை நடத்தையும் மேம்படுகின்றன. ஆனால் காயங்கள் குறைந்தனவா என்பதை அச்சோதனைகளுள் எதுவும் அளக்கவில்லை. வினாவிடையில் முழு மதிப்பெண் பெற்ற மாணவன் தெருவிலும் தேறியவன் எனக் கொள்வது பிழை.

ஆகவே கைபேசியில் கற்றது அன்றே மண்ணில் பயிலப்பட வேண்டும். ஸ்ட்ராத்கிளைடு ஆய்வாளர் டிரம்சாப்பல் பகுதியில் தன்னார்வப் பெற்றோரைக் கொண்டு சிறு குழுக்களாகக் குழந்தைகளைத் தெருவுக்கே அழைத்துச் சென்று பயிற்றி நற்பயன் கண்டனர். வகுப்புக்கு ஒரே கருவி உள்ள சிற்றூர்ப் பள்ளியிலும் இது இயலும். ஆசிரியர் 2017இல் தொடங்கப்பெற்ற தீக்‌ஷா தளம் போன்றவற்றில் கிடைக்கும் பாடத்தைப் பத்து நிமிடம் எல்லோர்க்கும் காட்டிவிட்டு, முற்றத்தில் 7 மீட்டர் இடைவெளியில் இரு சுண்ணாம்புக் கோடுகள் இட்டு, குழந்தைகளை ஒவ்வொருவராக நடக்கவிட்டு மற்றவரை நொடிகளை எண்ணச் சொல்லலாம். அடுத்த நாள், பள்ளி வாயிலின் எதிரே உள்ள உண்மைச் சாலையில், பெரியவர் கையைப் பற்றியபடி, எப்போது கடக்கலாம் என்று குழந்தையே சொல்லட்டும்.