ஞாயிறு விடுக்கும் எலெக்ட்ரான்கள்

காட்பாடியினின்று ஜோலார்பேட்டைக்குச் செல்லும் புகைவண்டியொன்று தாழ்த்து வருகின்றதென வைத்துக்கொள்வோம். ஜோலார்பேட்டையில் மட்டும் நின்று பார்ப்பவன், அவ்வண்டி புறப்படுங்காலே தாழ்த்ததோ, இடைவழியில் நின்று தாழ்த்ததோ அறியான். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய நிலையங்களை அது கடந்த நேரங்களை ஒப்புநோக்கின் ஐயம் தீரும். ஞாயிற்றை ஆராய்வார்க்கும் நெடுநாள் இவ்வையமே இருந்தது.

ஞாயிற்றில் சுடர்வெடிப்பு நிகழுங்கால் எலெக்ட்ரான் என்னும் நுண்டுகள்கள் பெருவேகம் எய்துகின்றன. ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து, செறிந்த வாயுவில் மோதி எக்ஸ் கதிர்களைப் பிறப்பிக்கும். மற்றொரு பகுதி வெளியே விரையும். எக்ஸ் கதிர் 15 கோடி கிலோமீட்டரை 8 நிமிஷத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கடந்து வந்துவிடும். ஒளியிற் பாதி வேகமுடைய எலெக்ட்ரான் நேரே வரினும் 17 நிமிஷம் செல்லும். அதுவோ நேரே வருவதில்லை. ஞாயிறு சுழல்வதால் அதன் காந்தக் கோடுகள் சுருள்போல் வளைந்துள்ளன. எலெக்ட்ரான்கள் அக்கோடுகளைப் பற்றியே வரும். இவற்றையெல்லாம் கணக்கிற் கழித்த பின்னும் அவை பல நிமிஷம், சில வேளை மணிக்கணக்கில், தாழ்த்தே வந்தன.

இதனை ஆராய இடைவழியில் கலங்கள் வேண்டும். 2018-இல் பார்க்கர் என்னும் கலமும், 2020-இல் சோலார் ஆர்பிட்டர் என்னும் கலமும் ஏவப்பட்டன. முன்னது 2024 டிசம்பரில் ஞாயிற்றிற்கு 61 லட்சம் கிலோமீட்டர் அளவில் நெருங்கிற்று. நம் நாடு 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவிய ஆதித்யாவும் ஞாயிற்றை அணுகியதென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று, அது பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டரில், அதாவது வழியின் நூற்றிலொரு பங்கிலேயே நிற்கின்றது. ஜோலார்பேட்டையின் வெளிக் கைகாட்டி என்னலாம். ஆயினும், அங்கே ஞாயிறு மறைவதில்லை. அதன் கருவிகள் எக்ஸ் கதிர்களை இடையறாது நோக்கலாம். ஜவ்வாது மலையில் நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வான்இயற்பியல் நிறுவனமே ஆதித்யாவின் முதன்மைக் கருவியைச் சமைத்தது.

2020 நவம்பர் முதல் 2022 டிசம்பர் வரை சோலார் ஆர்பிட்டர் பதிந்த 300-க்கு மேற்பட்ட எலெக்ட்ரான் வரவுகள் ஆராயப்பெற்று, 2025-இல் முடிபு வெளிவந்தது. அக்கலம் ஞாயிற்றிற்கு அணித்தும் சேய்த்தும் மாறி மாறிச் செல்வதால், ஒன்றே பல நிலையங்களாகப் பயன்பட்டது. தாழ்விற்கு வழியும் ஒரு காரணம் என்பது விளங்கிற்று: இடைவெளி வெறுமையன்று, கலங்கிய காந்தப் புலம் துகள்களைச் சிதறடிக்கின்றது. வரவுகளும் இருவகை. சுடர்வெடிப்பிற் பிறந்தவை திடீரென வருவன. ஞாயிறு பெருவாயுத் திரளை உமிழுங்காற் பிறந்தவை மெல்லப் பெருகி நெடிது நிற்பன. பின்னவற்றில் ஆற்றல் மிக்க துகள்கள் மிகுதி. செயற்கைக்கோள்களின் மின்கருவிகளைக் கெடுக்க வல்லன இவையே.

வண்டிக்குத் தண்டவாளம் ஒன்றே. ஞாயிற்றின் காந்தக் கோடுகளோ எண்ணிறந்தன. இரு கலங்கள் ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக அமையும் நாள்கள் சிலவே.