திரும்பி வரக்கூடிய தூரத்தில் ஒரு கடல்

நாயோடு கடற்கரை விடுமுறை என்றால் பலரும் விடுதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த ஊர், எத்தனை நாள், நாயை உள்ளே விடும் அறை எங்கே கிடைக்கும் என்று தேடி, முன்பணம் கட்டி, பிறகு நாயை அந்தத் திட்டத்துக்குள் திணிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழ் என்பது என் கருத்து. நாயின் உடம்பு வெயிலையும் உப்பையும் எவ்வளவு நேரம் தாங்கும், அந்த மணலில் நமக்கு முன்பே யார் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. கடற்கரையில் நாய்க்கு உகந்த நேரம் ஒரு நாளில் இரண்டு மூன்று மணிக்கு மேல் தேறாது. அதற்காக நெடுந்தூரம் அலைவதும் மூன்று நாள் அறை எடுப்பதும் பெரும்பாலும் வீண். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரம். நம் பக்கத்துக்காரர்களுக்குச் சரிப்படுவது அரை நாள் பயணம்தான் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். நமக்கு உடல் முழுதும் வியர்க்கிறது. கடற்காற்று அதை உலர்த்தும்போது குளிர்ச்சி தெரிகிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதங்களின் அடியில் மட்டும். மற்றபடி வாயைத் திறந்து இரைத்து, நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் அந்த வேலை மந்தமாகும். விழுப்புரத்துச் சித்திரை வெயில் கடுமையானது, ஆனால் காற்று வறண்டது. மரக்காணத்தில் வெயில் சற்றுக் குறைந்தாலும் புழுக்கம் கூடுதல். ‘காற்று ஜிலுஜிலுவென்று வருகிறதே’ என்று நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் நாய் திணறிக்கொண்டிருக்கலாம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியது. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு இனங்கள் இந்த எல்லையை மற்றவற்றைவிடச் சீக்கிரம் எட்டிவிடும். வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையத்துக்கு வெயில் பட்டால் மூக்கும் காதோரமும் புண்ணாகும். நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு செக்கச் சிவப்பது, நடை தள்ளாடுவது ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது உடனே நிழலில் கிடத்தி உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். சூட்டை இறக்கத் தொடங்கிய பிறகே வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நேரத்தைத் தீர்மானிப்பது திசை. நம் கடல் கிழக்கே இருப்பதால் காலை வெயில் நேராக மணலில் விழுகிறது. எட்டு மணிக்குப் பிறகு ஒதுங்க நிழல் கிடையாது. மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் இறங்குவதால் சவுக்குத் தோப்பின் நிழல் கடலை நோக்கி நீளும், ஆனால் மணல் பகல் சூட்டை விட்டிருக்காது. புறங்கையை மணலில் ஐந்தாறு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. ஆகவே விடியலிலிருந்து ஏழரை வரை, பிறகு ஐந்து மணியிலிருந்து இருட்டும் வரை. மாதக் கணக்கும் இதே போலத்தான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு தேங்கும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அதற்கான தடுப்பூசி போடாத நாயை அதில் இறக்கவே கூடாது. சித்திரை, வைகாசியில் விடியற்காலையே புழுங்கும். மீதி இருப்பவற்றில் தை முதல் பங்குனி வரை இதமான காலம். ஆனால் அந்தக் காலத்தில் மணலுக்கு வேறு உரிமைக்காரர்கள் வந்துவிடுகிறார்கள்.

பங்குனி ஆமைகள் ஏறக்குறைய ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் இது. அந்த முட்டைகளைத் தோண்டித் தின்பதில் நாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தெருநாய்தான் அப்படிச் செய்யும், வீட்டு நாய் செய்யாது என்று நம்ப இடமில்லை. மோப்பம் இரண்டுக்கும் ஒன்றே. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. அப்படி ஒரு சடலம் கிடந்தால் கயிறில்லாத நாயை அதிலிருந்து பிரிப்பது எளிதல்ல. இந்த மாதங்களில் இருட்டிய பிறகு நாயோடு மணலில் இறங்குவதில்லை என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். கழுவெளிக்கும் இதே நியாயம்தான். 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலத்துக்கு மழைக்காலம் முதல் பங்குனி வரை வலசைப் பறவைகள் வருகின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடும் கூட்டத்தை ஒரு நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் பறவைக்கு அது வீண் செலவு. கழுவெளியைப் பார்க்க ஆசையிருந்தால் நாயில்லாமல் இன்னொரு நாள் போவதே சரி.

ஆமைக்கும் பறவைக்கும் பருவம் உண்டு; மீனவர்களுக்கு ஆண்டு முழுதும் அந்த மணல்தான் வேலையிடம். விடியற்காலையில் நாம் நாயோடு நடக்க நினைக்கும் அதே நேரத்தில் படகுகள் கரை சேரும், வலையிலிருந்து மீனை எடுப்பார்கள், ஏலம் நடக்கும், கருவாடு காயும். காய்கிற கருவாட்டின் மேல் நாய் காலைத் தூக்கினால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பு போயிற்று. கிழிந்த வலைக்கு மன்னிப்புக் கேட்டு ஈடுகட்டவும் முடியாது. எனவே குப்பத்தின் முன்னால் வண்டியை நிறுத்தாமல், இரண்டு குப்பங்களுக்கு இடைப்பட்ட வெற்று மணலைத் தேட வேண்டும். அங்கே யாராவது இருந்தால் ‘அண்ணே, நாயைக் கொஞ்சம் நடக்க விடலாமா?’ என்று கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. எந்தப் பக்கம் தெருநாய்க் கூட்டம் இருக்கிறது, எங்கே அலை இழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இடத் தேர்வில் ஒரு முரண் இருக்கிறது. சுத்தமான கடற்கரை நாய்க்கு நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைகளில் நாய்களைக் கட்டுப்படுத்துவது அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. 2021-இல் சான்று பெற்ற புதுச்சேரி ஈடன் கடற்கரையும் அதே ஆண்டில் பெற்ற கோவளமும் இந்தக் காரணத்தாலேயே நம் பட்டியலிலிருந்து விலகுகின்றன. ஐரோப்பாவிலும் பல கடற்கரைகளில் கோடை மாதங்களில் நாய்க்குத் தடை உண்டு. இன்னொரு பக்கம், புதுச்சேரிக்கு வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பகுதியைக் கடல் அரித்துவிட்டது. ஆண்டில் பெரும்பகுதி இந்தக் கரையோர மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது; 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. இன்று அங்கே பல இடங்களில் மணலுக்குப் பதில் பாறாங்கற்கள். கல்லிடுக்கில் நாயின் கால் மாட்டினால் எலும்பு முறியும். கடலை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் இது கண்ணில் படாது. மணல் அகலமாக இருக்கும் மரக்காணம் பக்கத்தைத்தான் நான் சொல்வேன்.

பயணத்துக்கு ரயிலை நம்ப வேண்டாம். ரயில்வே விதிப்படி நாயை உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் அது கார்டு பெட்டியின் கூண்டில்தான் வர வேண்டும். விழுப்புரம் புதுச்சேரி இடையிலான உள்ளூர் ரயிலுக்கு இது பொருந்தவே பொருந்தாது. கார்தான் வழி. ஆனால் டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று நாயை உள்ளே பூட்டிவிட்டுப் போகக் கூடாது. நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை சூடு ஏறும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. குடிக்க, குளிப்பாட்ட என இரண்டு கேன் நல்ல தண்ணீர் வேண்டும். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும், அதிகம் குடித்தால் வலிப்பே வரலாம். அதனால் மணலில் இறங்கும் முன்பே தண்ணீர் காட்டிவிட வேண்டும். கரையில் ஒதுங்கும் பேத்தை மீனில் உள்ள நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கெளுத்தி முள்ளும் தூண்டில் கொக்கியும் வாயில் குத்தும். இவற்றையெல்லாம் தடுப்பது ஒரே பொருள்: நீளமான கயிறு. கழுத்தை இறுக்காதபடி மார்புப் பட்டையில் மாட்டினால் அலை இழுத்தாலும் பிடித்து இழுக்கலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையும், குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் போன்ற மருத்துவ இடத்தின் வேலை நேரமும் கிளம்பும் முன் கையில் இருக்கட்டும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காதைத் துடைத்து, தோப்பில் ஒட்டிய உண்ணியைத் தேடி எடுப்பதோடுதான் பயணம் முடிகிறது.

‘குப்பத்து நாய்கள் இதே மணலில்தானே வாழ்கின்றன, அவற்றுக்கு என்ன கேன் தண்ணீரா கொண்டுபோகிறார்கள்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாய் நடுப்பகலில் எங்கே இருக்கிறது என்று கவனித்தால் விடை கிடைக்கும்: படகின் நிழலில் குழி பறித்துப் படுத்திருக்கும். எப்போது ஓடலாம், எப்போது ஒதுங்கலாம் என்பதை அது தானே முடிவு செய்கிறது. நம் நாய்க்கு அந்த முடிவைக் கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் எடுக்கிறார், அது மறுக்காமல் பின்னாலேயே வரும். இவ்வளவு கட்டுப்பாடு என்றால் நாயை வீட்டிலேயே விட்டுவிடலாமே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். கிழட்டு நாய்க்கும், இதய நோய் உள்ளதற்கும், சப்பை மூக்கு இனத்துக்கும், வெடிச் சத்தத்துக்கே ஒளியும் பயந்த சுபாவத்துக்கும் அதுதான் சரி. பழகிய உறவினர் வீடே அதற்கு விடுமுறை. மற்ற நாய்களுக்குப் புது வாசனைகளும் ஈர மணலில் நடையும் நல்ல மாற்றம். அது கிடைக்க ஒரு மணி நேரம் போதும்.

இங்கேதான் தூரம் குறைவாக இருப்பதன் பலன் தெரிகிறது. ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டி இருநூறு கிலோமீட்டர் வந்தவர், நாய் அலையைக் கண்டு நடுங்கினாலும் ‘பழகிவிடும்’ என்று இழுத்துக்கொண்டே நிற்பார். செலவு அவரைத் திரும்ப விடாது. திண்டிவனத்துக்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. காற்று புழுங்கினால், தெருநாய்கள் சூழ்ந்தால், நாய் வண்டியை விட்டு இறங்கவே மறுத்தால், அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் முயலலாம்.