சுத்தியல் விழுவதற்கு முன்: லண்டனில் பழைய வெள்ளி வாங்க நினைப்பவருக்கு

லண்டன் ஏலத்தில் ஒரு வெள்ளிக் காபிக் கூஜா 1,000 பவுண்டுக்கு முடிந்தால், எடுத்தவர் கட்டுவது அதோடு நிற்காது. ஏலக்கூடம் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்கும். அது 26 சதவீதம் என்றால் 260 பவுண்டு, அதன் மேல் 20 சதவீத வாட் வரி 52 பவுண்டு. மொத்தம் 1,312. நம்மூர் நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் போட்டுக் கூட்டிய பிறகுதான் பில் தொகை தெரியும் என்பது போலத்தான் இதுவும். 1975-இல் கிறிஸ்டீஸும் சோத்பீஸும் லண்டனில் இதைத் தொடங்கியபோது கமிஷன் 10 சதவீதம். இன்று கால்வாசியைத் தாண்டிய கூடங்கள் பல. கேட்லாக்கில் போட்டிருக்கும் மதிப்பீட்டில் இது எதுவும் சேராது. விற்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்த பொருளானால் சுத்தியல் விழுந்த விலையின் மேலும் இறக்குமதி வரி வரும். கேட்லாக்கில் பொருளின் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறி இருக்கும், அதன் அர்த்தத்தைக் கடைசிப் பக்கங்களில் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது? 1744-இல் தொடங்கிய சோத்பீஸ், 1766-இல் தொடங்கிய கிறிஸ்டீஸ் போன்ற பெரிய கூடங்களுக்கு வருவது பெரும்பாலும் பெரிய பொருள்கள். அங்கே கிடைக்கும் உண்மையான லாபம் ஆராய்ச்சி: பொருள் யார் வீட்டிலிருந்து வந்தது, முன்பு எந்த ஏலத்தில் விற்றது என்பதெல்லாம் அச்சில் இருக்கும். ஆனால் முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது வெளியூர்க் கூடங்களைத்தான். சாலிஸ்பரியில் உள்ள வுல்லி அண்ட் வாலிஸ் வெள்ளிக்கென்றே தனி ஏலம் நடத்துகிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கரண்டிகளையும் கிண்ணங்களையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். அந்தப் பழக்கத்தை எந்தப் புத்தகமும் தராது.

மூன்றாவது வழி கடை. லண்டன் சான்சரி லேனில் தரைக்குக் கீழே இருக்கும் சில்வர் வால்ட்ஸ், 1876-இல் செல்வந்தர்களின் பொருள்களுக்கான பாதுகாப்பறையாகத் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் மேலே இருந்த கட்டடம் குண்டுவீச்சில் போனது. 1953-இல் இன்றைய வடிவில் மறுபடி திறந்தார்கள். வெள்ளி வியாபாரிகள் வரிசையாகக் கடை போட்டிருக்கிறார்கள். விலையில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ரசீதில் ஆண்டு, செய்தவர், பழுதுபார்த்த விவரம் எல்லாம் எழுதித் தரச் சொல்லலாம். சொன்னது பொய்யென்றால் திரும்பப் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். கூஜா, தட்டு போன்ற விலை கூடிய ஒற்றைப் பொருளைக் கடையில் வாங்குங்கள். கரண்டி, உப்புக் கிண்ணம் போன்ற சில்லறைப் பொருளை ஏலத்தில் எடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எதை வாங்குவது என்பதில் முதல் பிரிவு, அது வெள்ளியா முலாமா என்பது. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, நம் கடைகளில் 92.5 என்கிறோமே, அதுதான். இங்கிலாந்து முத்திரைகளைப் படிப்பது சிரமமில்லை. நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்துக்கு. 1544 முதல் இருக்கிறது. சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் பழைய ஷெஃபீல்டு. பிந்திய இரண்டு ஊர்களுக்கும் சோதனைச் சாலை கிடைத்தது 1773-இல். ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும், இன்னோர் எழுத்துக் கூட்டம் செய்தவரைச் சொல்லும். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலையும் இருக்கும்.

ஷெஃபீல்டு தகடு வேறு. 1740-களில் தாமஸ் போல்சோவர் கண்ட முறை: செம்புக் கட்டியோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒன்றாக்கி, பிறகு உருளையில் தகடாக இழுப்பது. 1840-இல் எல்கிங்டன் மின்முலாம் பூசக் காப்புரிமை எடுத்ததும் இது மெல்ல ஒழிந்தது. மின்முலாம் பூசியவர்கள் தங்கள் எழுத்துகளைச் சின்னச் சின்னக் கட்டங்களில் வரிசையாகக் குத்தினார்கள். தூரத்தில் பார்த்தால் அசல் முத்திரை மாதிரியே தெரியும். சிங்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஷெஃபீல்டு தகட்டில் விளிம்பு தேய்ந்து செம்பு எட்டிப் பார்ப்பது குறையில்லை. அதை மறைக்க யாரோ மேலே மின்முலாம் பூசியிருந்தால்தான் குறை. உருக்கினால் காசு தராத பொருள் என்பதால் முழு விலையும் வடிவத்துக்குத்தான். அழகான ஒரு தட்டு, அதே காலத்து வெள்ளித் தட்டைவிடப் பல மடங்கு மலிவாகக் கிடைக்கும். மேசையில் வைத்துப் பரிமாற வேண்டுமென்றால் எனக்கு அதுவே போதும்.

ஏலத்துக்கு முன்பு பொருளைப் பார்க்க விடும் நாளில் காபிக் கூஜாவைத் தலைகீழாகத் திருப்புங்கள். உடம்பில் முத்திரைகள் முழு வரிசையாக இருக்க வேண்டும். மூடியிலும் சிங்கமாவது, செய்தவர் குறியாவது இருக்க வேண்டும். மூடியில் ஒன்றுமே இல்லையென்றால் அது வேறெங்கோ இருந்து வந்த மூடியாக இருக்கலாம். முத்திரை உள்ள இடத்தில் வாயால் ஒருமுறை ஊதுங்கள். ஆவி படியும்போது பற்றவைத்த கோடு சதுரமாகவோ வட்டமாகவோ தெரிந்தால், சிறிய பொருளிலிருந்து முத்திரையை வெட்டியெடுத்து இதில் பதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 1720 முதல் 1758 வரை அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தபோது, வரி ஏய்க்க ஆசாரிகளே இந்த வேலையைச் செய்தார்கள். பிறகு பக்கவாட்டை இரு கட்டை விரலாலும் லேசாக அழுத்திப் பாருங்கள். ஓரிடம் மட்டும் தகடு மெலிந்து வளைந்தால் அங்கே இருந்த குடும்பச் சின்னத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அடியில் கீறி எழுதிய பழைய எடை இருந்தால் இன்னும் நல்லது. 24 அவுன்ஸ் 10 பென்னிவெயிட் என்று கீறியிருந்து, தராசு 23 அவுன்ஸும் சொச்சமும் காட்டினால் இருநூற்றைம்பது வருஷப் பாலிஷ் தின்றது என்று விடலாம். 26 காட்டினால், பின்னாளில் எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

மெழுகுவர்த்தித் தாங்கிகளில் இன்னொரு கண்ணி. 1750-களின் லண்டன் தாங்கி வார்ப்பு. கையில் எடுத்தாலே தெரியும் கனம். 1770-களுக்குப் பிறகு ஷெஃபீல்டில் மெல்லிய தகட்டை அச்சில் அடித்து உள்ளே பிசினோ சுண்ணாம்போ நிரப்பினார்கள். இரண்டும் அசல் வெள்ளி, இரண்டிலும் முத்திரை உண்டு. கேட்லாக்கில் முதலாவதற்கு எடை போட்டிருப்பார்கள், இரண்டாவதற்கு ‘நிரப்பியது’ என்று மட்டும். நிரப்பியதை நான் வாங்க மாட்டேன். முனைகள் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டால் சரிசெய்வது கஷ்டம்.

பெயருக்காகப் பணம் கொடுக்கலாமா? பால் டி லாமெரி, பால் ஸ்டோர் போன்ற புகழ்பெற்ற ஆசாரிகளின் பெயர்களுக்கு வேலைப்பாடு பதில் சொல்லும். 1761-இல் தன் முத்திரையைப் பதிவு செய்த விதவை ஹெஸ்டர் பேட்மேனின் பொருள்கள் அழகானவைதான், ஆனால் பல மெலிந்தவை. பெயருக்காக ஏறும் விலை எனக்கு அதிகமாகவே படுகிறது. அதே ஆண்டின் பெயர் தெரியாத ஆசாரி செய்த கனமான கரண்டி மலிவாகக் கிடைக்கும். கரண்டியில் வாய் நுனி ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முள்கரண்டியில் முட்கள் குட்டையாக இருந்தால் தேய்ந்ததை வெட்டிச் சமன்படுத்தியிருப்பார்கள்; பழைய கரண்டியையே முள்கரண்டியாக அடித்ததும் உண்டு. பழக் கொத்துப் பொறித்து உள்ளே தங்கமுலாம் பூசிய கரண்டிகள், ஜார்ஜ் காலத்துச் சாதாரணக் கரண்டிமேல் விக்டோரியா காலத்தில் செய்த வேலை. பரிசுக்கு நன்றாக இருக்கும், சேகரிப்பாளர் தொட மாட்டார்.

ஐரோப்பாக் கண்டத்து வெள்ளிக்கு வந்தால், பிரான்சில் 1689-இலும் 1709-இலும் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்கு வெள்ளியை உருக்கினார். அதனால் பழையது அரிது, விலையும் அதிகம். 1838-க்குப் பிந்தையதில் மினர்வா தேவியின் தலை முத்திரையாக இருக்கும். முதல் தரம் 950. ஜெர்மனியில் 1888 முதல் பிறை, கிரீடம், பெரும்பாலும் 800. ஹனாவ் நகரத்துப் பட்டறைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பழைய முத்திரைகளைப் போலவே போலிக் குறிகளைக் குத்தின. பொருள் வெள்ளிதான், வயதுதான் கதை.

சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் செய்த சாமி உருவ வெள்ளியும் லண்டன் ஏலங்களில் வருவதுண்டு. இங்கிலாந்து முத்திரை இராது, கடைப் பெயர்தான் இருக்கும். இங்கே எடையை மறந்துவிட்டு, உருவங்களின் மூக்கையும் முழங்கையையும் பாருங்கள். புடைத்து நிற்கும் இடங்கள்தான் முதலில் தேய்ந்து ஓட்டையாகும்.

வெள்ளி விலை ஏறும் காலத்தில் இன்னொரு கணக்கு. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்கு ஐம்பது டாலரை நெருங்கியபோது எத்தனையோ பழைய பொருள்கள் உலைக்குப் போயின. ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம், எடையை 0.925-ஆல் பெருக்கி அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் சாதாரணத் தட்டுக்கு அதற்கு மேல் அதிகம் கொடுக்கத் தேவையில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருளுக்கு இந்தக் கணக்கு அடித்தளம் மட்டுமே.

கடைசியாக, தேநீர்க் கெண்டியின் கைப்பிடி. சூடு ஏறாமலிருக்கக் கைப்பிடி வெள்ளியோடு சேரும் இடத்தில் தந்த வளையங்கள் வைத்திருப்பார்கள். பிரிட்டனில் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டப்படி, 1947-க்கு முந்தைய பொருளில் தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் பதிவு செய்துதான் விற்க முடியும். நாட்டை விட்டு எடுத்துப்போவது தனி அனுமதி விவகாரம். இந்தியாவுக்குக் கொண்டுவர எண்ணம் இருந்தால் மரக் கைப்பிடி உள்ள கெண்டிக்கே கை தூக்குங்கள்.