வரிக் கணக்கு எழுதுவோரும் எழுதுவிப்போரும்

சங்கங்களின் புத்தகங்களைப் பார்வையிட நாம் செல்லும்போது, அலுவல் முடிந்தபின் அங்கத்தினர்கள் நம்மைச் சூழ்ந்துகொண்டு பல கேள்விகள் கேட்பது வழக்கம். முன்பெல்லாம் நூல் விலை, உரம், கடன் தவணை ஆகியவையே அக்கேள்விகளில் முதலிடம் பெற்றன. அண்மைக் காலமாக வருமான வரியும் அவற்றோடு வந்து சேர்ந்திருக்கிறது. இது வியப்பன்று. தறிக்காரரிடமும் இன்று பான் அட்டை இருக்கிறது. வங்கி வைப்புத் தொகையின் வட்டியில் வரி பிடித்தம் செய்யப்படுகிறது. பிள்ளைகளில் ஒருவர் ஆலையிலோ பள்ளியிலோ மாதச் சம்பளம் வாங்குகிறார். ஆகவே, ‘ரிட்டர்ன்’ என்று எல்லோரும் வழங்கும் வருமான விவரப் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பவரை நாடிச் செல்லாத குடும்பம் குறைவு.

மற்றொரு பக்கமும் உண்டு. நம் அங்கத்தினர்களின் மக்களிலேயே பட்டம் பெற்ற பலர், ஒரு மேஜையும் ஒரு கணினியும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் சுயமாகச் செய்து வருகின்றனர். எனவே இந்தப் பாடம் எழுதுவிப்போருக்கு மட்டுமன்றி, எழுதுவோருக்கும் உரியது.

ஒரு நிகழ்ச்சி

நாம் பார்வையிடும் நெசவாளர் சங்கம் ஒன்றின் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஒருநாள் ஒரு காகிதத்துடன் வந்தார். அவருடைய மகன் ஓர் ஆலையில் பணிபுரிகிறார். அவருக்கு ரிட்டர்ன் எழுதியவர், “பிடித்த வரியில் 24,000 ரூபாயைத் திருப்பி வாங்கித் தருகிறேன், வருவதில் பத்தில் ஒரு பங்கு எனக்கு” என்று பேசி, அவ்வாறே வாங்கியும் கொடுத்தார். எப்படி வாங்கினார் என்பதை மகன் கேட்கவில்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வீட்டு வாடகையும், எந்த நன்கொடையும் தராதவருக்கு நன்கொடையும் அதில் காட்டப்பட்டிருந்தன. கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரியோ எழுதியவர் தாமே உண்டாக்கியது. இலாகா அனுப்பிய கடிதங்கள் அங்கே திறக்கப்படாமலே கிடந்தன. கைப்பேசிக்கு வந்த ஒரு குறுஞ்செய்தியால்தான் விஷயம் வெளியாயிற்று.

பெரியவர் நம்மிடம் கேட்டது ஒன்றே: “ஐயா, நாங்க யாரையும் ஏமாத்தணும்னு நினைக்கலீங்களே. பையன் வேலைக்கு ஏதாவது வந்துடுமா?”

கணக்கைப் பார்ப்போம். வந்தது 24,000 ரூபாய். எழுதியவருக்குப் போனது 2,400. கைக்கு நின்றது 21,600. பொய்யான விவரம் கொடுத்ததாக இலாகா முடிவு செய்தால், தப்பிய வரியைக் கட்டுவதோடு அவ்வரியில் 200 சதவிகிதம் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதாவது வரி 24,000, அபராதம் 48,000, ஆக 72,000 ரூபாய், வட்டி தனி. ஆனால், இலாகா நடவடிக்கை தொடங்குமுன் தாமே முன்வந்து திருத்திக்கொள்ள, 2022-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் திருத்திய ரிட்டர்ன் ஒன்றுக்கு வழி செய்தது. 2025-ல் அதற்குரிய காலம் 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக நீட்டப்பட்டது. முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் திருத்துபவர் வரியோடும் வட்டியோடும் அவற்றின்மேல் 25 சதவிகிதம் கூடுதலாகச் செலுத்த வேண்டும். அந்தக் குடும்பம் இவ்வழியையே மேற்கொண்டது. 24,000-உம் கூடுதல் 6,000-உம் ஆக 30,000 ரூபாய், அதன்மேல் வட்டி. பெரியவர் சங்கத்தில் சிக்கனமாகச் சேர்த்து வைத்திருந்த தொகையில் பெரும்பகுதி இதற்கே போயிற்று. மகனுடைய வேலைக்கு ஊறு வரவில்லை. எழுதியவரின் கடை அதற்குள் பூட்டப்பட்டிருந்தது.

இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2025 ஜூலை 14-ஆம் தேதி மத்திய நேரடி வரி வாரியம் வெளியிட்ட அறிக்கை, ரிட்டர்ன் எழுதுவோர் சிலர் பொய்யான கழிவுகளைக் காட்டித் தொகை பெற்றுத் தந்ததையும், தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கிப் பின்பு கைவிட்டதையும் எடுத்துரைத்தது. அவ்வாறு கண்டறியப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்திய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாமே முன்வந்து 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றனர் என்றும் அது கூறியது.

தொகை திரும்பப் பெறுவதே தவறு என்று யாரும் எண்ண வேண்டா. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஒருவருடைய வட்டியில் வரி பிடிக்கப்பட்டிருந்தால், அதைத் திரும்பப் பெறுவது அவருடைய உரிமை. அந்த உரிமையை ஒழுங்காகப் பெற்றுத் தருவதே நல்ல கணக்கெழுத்தாளரின் வேலை. இனி, அன்றாடம் எழும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. கூலியை எப்படி நிர்ணயிப்பது?

வேலைக்குத் தக்க கூலி என்பதே சரியான முறை. சம்பளம் மட்டும் உள்ள ரிட்டர்னுக்கு இவ்வளவு, கடை வியாபாரம் உள்ளதற்கு இவ்வளவு என்று எழுதி மேஜைமேல் வைக்கலாம். திரும்ப வரும் தொகையில் பங்கு கேட்பது கூடாது. ஏன்? பொய் பெருகப் பெருக எழுதுபவரின் வருவாயும் பெருகும் என்றால், உண்மையை எழுத அவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? தறியில் உட்காருபவருக்கு நெய்த புடவைக்குத்தான் கூலி. அதை விற்றவர் வாங்கியவரை ஏமாற்றிய தொகையில் பங்கு அன்று. கூலிக்கு ரசீது கொடுப்பதும் கேட்டு வாங்குவதும் இரு தரப்புக்கும் கடமை.

2. எந்தக் காகிதங்களைப் பார்த்து எழுதுவது?

சங்கத்தில் வவுச்சர் இல்லாத செலவை நாம் ஏற்பதில்லை. இங்கும் அதே விதிதான். வங்கிப் புத்தகங்கள், சம்பளம் கொடுப்பவர் தரும் பிடித்தச் சான்று, சங்கம் தந்த கூலி, போனஸ், வட்டி விவரம், விளைபொருள் விற்ற பட்டியல்கள் ஆகியவற்றை வாங்கிப் பார்த்த பின்பே எழுத்தாளர் கணினியைத் தொட வேண்டும். ஒரு கழிவுக்குக் காகிதம் இல்லையேல் அந்தக் கழிவும் இல்லை.

2021-ஆம் ஆண்டு முதல் இலாகாவின் இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் வருடாந்தரத் தகவல் அறிக்கை என ஒன்று கிடைக்கிறது. வங்கி வட்டி, பங்கு ஆதாயம், நிலம் வீடு வாங்கியது விற்றது போன்ற பலவும் அதில் ஏறியிருக்கும். அதை முதலில் எடுத்துக் கையிலுள்ள காகிதங்களோடு ஒப்பிட வேண்டும். அதிலும் பிழை இருக்கலாம். அப்படியானால் அந்த இடத்திலேயே மறுப்பைப் பதிவு செய்ய வசதி உண்டு. மறுப்பும் செய்யாமல், வருமானத்திலும் காட்டாமல் விடுவதுதான் பின்னால் கேள்விக்கு இடமாகிறது.

3. யாருடைய முகவரி, யாருடைய கைப்பேசி?

இலாகாவில் பதியும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அங்கத்தினருடையதாகவோ, அவர் வீட்டில் ஒருவருடையதாகவோ இருக்க வேண்டும். எழுத்தாளர் தம் எண்ணைக் கொடுப்பது, வீட்டுக்கு வரும் தபாலைத் தாம் வாங்கி வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். கடவுச்சொல் அங்கத்தினரிடம் இருக்கட்டும். ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுமுன், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்வது கையெழுத்திடுவதற்குச் சமம்.

ரிட்டர்னை அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. சரிபார்த்து உறுதி செய்தால்தான் அது கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். முன்பு 120 நாட்களாக இருந்த அவகாசம் 2022 ஆகஸ்டு 1 முதல் 30 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அனுப்பிய ரிட்டர்னின் ஒரு பிரதியையும் ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கி, பாஸ் புத்தகத்தோடு வைத்துக்கொள்க.

4. வேளாண் வருமானத்தைக் காட்ட வேண்டுமா?

வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசு வரி விதிப்பதில்லை. ஆகவே அதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. வேளாண் வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டு, மற்ற வருமானமும் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால், இரண்டையும் கூட்டி ஒரு வரி கணக்கிடுவர். பிறகு வேளாண் வருமானத்தோடு விலக்கு வரம்பைக் கூட்டி அதற்கு ஒரு வரி கணக்கிடுவர். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே கட்ட வேண்டிய வரி. வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் மற்ற வருமானத்துக்குரிய விகிதத்தை அது உயர்த்தக்கூடும்.

விளைவித்தல் எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்பதையும் எழுத்தாளர் அறிய வேண்டும். பச்சைத் தேயிலையைப் பறித்து அப்படியே விற்பவரின் வருமானம் முழுவதும் வேளாண் வருமானம். தம் தேயிலையைத் தாமே தூளாக்கி விற்பவருக்கு, 1962-ஆம் ஆண்டு விதிகள் 40 சதவிகிதத்தைத் தொழில் வருமானமாக வகுத்தன. தாமே விளைத்துப் பதப்படுத்தி விற்கும் காப்பிக் கொட்டைக்கு அது 25 சதவிகிதம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. வங்கியில் கட்டிய ரொக்கத்துக்குக் காரணம் காட்ட, நிலமே இல்லாதவருக்கு வேளாண் வருமானம் எழுதுகின்றனர். பட்டா, சிட்டா, அடங்கல், விற்பனைப் பட்டியல் இவை இல்லாமல் அந்தப் பத்தியில் ஒரு ரூபாயும் எழுதலாகாது.

5. தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு?

ரிட்டர்னில் உறுதிமொழி அளிப்பவர் வரி செலுத்துவோரே. ஜி.எஸ்.டி.யிலும் அவ்வாறே. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, பதிவு பெற்ற வரிப் பயிற்சியாளர்கள் பிறருக்காக ரிட்டர்ன் கொடுக்க அனுமதிக்கிறது. ஆயினும் அதிலுள்ள விவரங்கள் சரியானவை என்பதற்குப் பொறுப்பு வணிகரையே சேரும் என்று அதே பிரிவு கூறுகிறது. “அவர் எழுதினார், எனக்குத் தெரியாது” என்பது விடையாகாது. அதற்காக எழுத்தாளர் தப்பிவிடுவதும் இல்லை. தெரிந்தே பொய்க் கணக்குக்குத் துணை நிற்பவர்மேலும் சட்டம் பாயும்.

6. வாடிக்கையாளர் பொய் எழுதச் சொன்னால்?

விளைவிப்போர் சங்க அங்கத்தினர் ஒருவரின் மகள் பி.காம். படித்து இவ்வேலை செய்கிறார். அவர் நம்மிடம் கேட்டார்: “சார், அடுத்த கடையில் பணம் வாங்கித் தருகிறார்கள், நீ ஏன் தரமாட்டேன் என்கிறாய் என்று கேட்கிறார்கள். மறுத்தால் போய்விடுகிறார்கள். நான் என்ன செய்வது?”

மறுத்தால் ஒருவரும் போகமாட்டார் என்று நாம் அவருக்குச் சொல்ல முடியவில்லை. சிலர் போகத்தான் செய்வர். ஆனால் மூன்று யோசனைகள் கூறினோம். முதலாவது, காகிதம் கேட்டதையும் வராததையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வைப்பது. இரண்டாவது, மேலே கண்ட 72,000 ரூபாய்க் கணக்கை வந்தவருக்கு நிதானமாகப் போட்டுக் காட்டுவது. மூன்றாவது, தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தணிக்கையும் விசாரணையும் சம்பந்தப்பட்டவற்றைப் பட்டயக் கணக்காளரிடம் அனுப்பிவிடுவது. அவ்வருஷம் அவருக்குச் சில வாடிக்கைகள் குறைந்தன. அவர் எழுதிய ரிட்டர்ன் எதன்மேலும் கடிதம் வரவில்லை.

இப்போது அவர் படித்து வருவது 2025-ல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம். அது 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருவதாக விதிக்கப்பட்டது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர்களை நீக்கி ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றையே அது வைத்தது. அத்தேதிக்கு முந்திய வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். இரண்டும் தெரிந்தவரே இன்று நல்ல எழுத்தாளர்.

சங்கம் செய்யக்கூடியவை

சங்கமும் ரிட்டர்ன் கொடுக்க வேண்டியதே. குடிசைத் தொழில் நடத்தும் சங்கங்களுக்கும், அங்கத்தினர் விளைபொருளை விற்றுத் தரும் சங்கங்களுக்கும் அவ்வருமானத்தில் கழிவு உண்டு. ஆனால் 2018-ல் செய்த திருத்தத்தின்படி, கெடு தேதிக்குள் ரிட்டர்ன் கொடுத்தால்தான் அக்கழிவு கிடைக்கும். ஒருநாள் தவறினாலும் அங்கத்தினர் அனைவருடைய பங்கும் குறையும். வெளியாரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டோம் என்று காரியதரிசி ஓய்ந்திருத்தல் ஆகாது. ஒப்புகைச் சீட்டை நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் வைத்துப் பதிவு செய்க.

அடுத்து, ஒவ்வோர் ஏப்ரலிலும் அங்கத்தினருக்குக் கொடுத்த கூலி, போனஸ், வட்டி, பங்கு ஆதாயம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுக்கலாம். இதற்கு ஆகும் செலவு காகிதச் செலவே. மேலும், நம்பகமான உள்ளூர் எழுத்தாளர் ஒருவரைக் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டிடத்துக்கு அழைத்து, பேசி முடித்த கூலியில் எல்லோருக்கும் எழுதச் செய்யலாமா என்று பொதுக்குழுவில் ஆலோசிக்கலாம். பலர் பார்க்க எழுதும் கணக்கில் பொய் நுழைவது கடினம்.

வகுப்பில் விவாதிக்க

1. உங்கள் வீட்டு ரிட்டர்னில் யாருடைய மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் பதிவாகியுள்ளன? இந்த வாரமே பார்த்து வந்து சொல்லுக.

2. ஓர் அங்கத்தினர் 15,000 ரூபாயைப் பொய்க் கழிவால் திரும்பப் பெற்றார். எழுத்தாளருக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தார். முழு அபராதம் விதிக்கப்பட்டால் அவர் கட்ட வேண்டியது எவ்வளவு? முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் தாமே திருத்தினால் எவ்வளவு? வட்டியை விட்டுக் கணக்கிடுக.

3. நம் சங்கத்தின் சென்ற ஆண்டு ரிட்டர்ன் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது? காரியதரிசியைக் கேட்டு அறிக.