மக்களிடம் பாடம் கேட்ட நிருவாக அறிஞர்

நிருவாகம் என்றதும் கோப்பும் முத்திரையும் ஆணையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆணையிடுவோர் அறிந்தவர், ஏற்போர் அறியாதவர் என்னும் எண்ணம் அதன் அடியில் உறைந்து கிடக்கிறது. அவ்வெண்ணம் தவறு என்பதைத் தம் வாழ்நாட் பணியால் மெய்ப்பித்தவர் அக்தர் ஹமீது கான். அவர்தம் பணிகளை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பதவி துறந்தமை

1914ஆம் ஆண்டு ஆக்ராவில் பிறந்த அவர், 1936இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார், கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பி வங்காளத்தில் அலுவலரானார். 1943இல் அங்கு நேர்ந்த கொடும் பஞ்சம் அவர் உள்ளத்தை உலுக்கியது. 1945இல் பதவியைத் துறந்தார். அலிகார் அருகே ஒரு சிற்றூரில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் வாழ்ந்தார். பின்னர் டெல்லி ஜாமிஆ மில்லிய்யாவில் ஆசிரியராகவும், 1950 முதல் குமில்லா விக்டோரியா கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். ஏழையின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை அவர் நூல்வழி மட்டும் கற்கவில்லை, உடலுழைப்பாலும் கற்றார்.

குமில்லா ஆய்வு

இன்றைய வங்காளதேசத்திலுள்ள குமில்லாவில் 1959இல் ஊரக வளர்ச்சிப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் அவரே. அலுவலர்க்குப் பயிற்சி அளிப்பது கழகத்தின் கடமை. கிராமத்தை அறியாத ஆசிரியர் கிராம அலுவலர்க்கு எதைக் கற்பிப்பது? இவ்வினாவே அவரை வகுப்பறையிலிருந்து வயல்வெளிக்கு அழைத்துச் சென்றது. ஏறத்தாழ நூறு சதுர மைல் பரப்புடைய கொத்வாலி தானா கழகத்தின் ஆய்வுக்களம் ஆயிற்று.

சிற்றூர்தோறும் உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். வாரந்தோறும் கூடிச் சிறுதொகை சேமித்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் வாரந்தோறும் கழகத்திற்கு வந்து பயின்று, கற்றதை ஊராருக்கு உரைத்தார். முதியோர்க்கு எழுத்தறிவிக்கும் பணியில் பள்ளிவாசல் இமாம்களும் துணை நின்றனர். வெளியிலிருந்து ஆசிரியரைத் தேடாமல், ஊரார் ஏற்கெனவே மதிப்பவரையே ஆசிரியராக்கிய நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. 1963இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பெற்றது.

எனினும், இத்திட்டம் பிற்காலத்தில் நாடெங்கும் விரைந்து பரப்பப்பட்டபோது, பல சங்கங்களில் வசதி படைத்தோர் கை ஓங்கியது. அமைப்பைப் படியெடுப்பது எளிது; அதற்கு உயிரூட்டிய பொறுமையைப் படியெடுப்பது அரிது. இஃது நிருவாகவியல் மாணவர் மறவாது கொள்ளவேண்டிய படிப்பினையாகும்.

ஒராங்கி

1980இல், தம் அறுபத்தாறாம் வயதில், கராச்சி நகரின் ஒராங்கிக் குடியிருப்பில் புதிய பணியைத் தொடங்கினார். அங்குக் கழிவுநீர் சந்துகளில் தேங்கி நின்றது. மக்கள் அரசை எதிர்நோக்கிக் காத்திருந்தனர். அக்தர் ஹமீது கான் பணம் தரவில்லை. நில அளவையும் வரைபடமும் கருவிகளும் தொழில்நுட்ப அறிவுரையும் தந்தார். ஒவ்வொரு சந்தின் மக்களும் தமக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்து, பணம் திரட்டிக் குழாய் பதித்தனர். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு. பெருவாய்க்காலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு எனப் பணி பகுக்கப்பட்டது. ஒப்பந்தக்காரரின் இலாபம் ஒழிந்தமையால் செலவு பெரிதும் குறைந்தது. 1999 அக்டோபரில் அவர் மறையும்வரை இப்பணி அவர் நெஞ்சில் நிறைந்திருந்தது.

நாம் பெறும் பாடம்

நம் மாணவருள் பலர் நாளை அரசு அலுவலர் ஆகக்கூடும். நம் பெரியோருள் பலர் பள்ளிவாசலையும் கல்விக்கூடத்தையும் நிருவகித்து வருகின்றனர். இவ்விரு சாராரும் ஒரு வினாவைத் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்: நாம் யாருக்காகத் திட்டம் தீட்டுகிறோமோ, அவர்களுடன் அமர்ந்து அவர்கள் சொல்லைக் கேட்டிருக்கிறோமா? பதவி என்பது ஓர் அமானிதம். அதனைக் காப்பதற்கு முதற்படி, கற்பிப்பதற்குமுன் கற்றுக்கொள்வதே எனத் துணியலாம்.