சின்க்ளேர் கர்னிகோ: காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில், விக் ஊருக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில், கடலுக்குள் நீண்ட ஒரு பாறை நாக்கின் மேல் சிதைந்து நிற்கிறது சின்க்ளேர் கர்னிகோ கோட்டை. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கெய்த்னஸ் என்ற இந்தப் பகுதியின் பிரபுக்கள் கட்டத் தொடங்கியது.

போய்ச் சேருவது எளிது. இன்வெர்னஸிலிருந்து விக் வரை ரயில். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விக்கிலிருந்து நாஸ் ஹெட் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து வண்டி நிறுத்துமிடம் வரை டாக்சி. திரும்பக் கூட்டிப்போக வரும் நேரத்தை இறங்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். பிறகு புல்வெளியில் கொஞ்ச தூர நடை, அவ்வளவுதான்.

சிக்கல் காற்றில்தான். வருகிறவர்கள் மழை இல்லாத நாளாகத் தேடுகிறார்கள். மழைக்கு ஒரு கோட்டு போதும். காற்றுக்கு எதுவும் போதாது. வானிலை அறிவிப்பில் சராசரி வேகத்தை விட்டுவிட்டு, திடீர் வீச்சின் வேகத்தைப் பாருங்கள். அது மணிக்கு 30 மைலைத் தாண்டினால் உள்ளே போகக் கூடாது என்பது என் விதி. திசையையும் பாருங்கள். செங்குத்துப் பாறை வடக்கே சின்க்ளேர் விரிகுடா பக்கம் இறங்குகிறது. இங்கே அடிக்கடி வீசும் தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போவது. அதாவது, விளிம்பில் நிற்பவரின் முதுகைத் தள்ளும்.

இன்னும் மோசமானது சுவர் முடியும் இடம். உயர்ந்த சுவருக்குப் பின்னால் காற்றே இருக்காது. "இவ்வளவுதானா" என்று தோன்றும். சுவரைத் தாண்டி ஓரடி வைத்ததும் முழு வேகமும் பக்கவாட்டில் அறையும். ஆகவே சுவர்முனைக்கு வந்ததும் நில்லுங்கள், ஒரு கையைக் கல்லில் ஊன்றுங்கள், வீச்சு ஒருமுறை வந்து போகட்டும், அப்புறம் அடியெடுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். குடை கூடவே கூடாது. படம் எடுப்பதானால் சுவர் ஓரமாக நின்றுதான்; திரையைப் பார்த்தபடி பின்னால் நடக்கவே நடக்காதீர்கள். விளிம்பில் புல் படர்ந்த இடத்துக்கு அடியில் பாறை இருக்கிறது என்று நம்ப முடியாது. கெய்த்னஸின் பட்டைக் கல் நனைந்தால் வழுக்கும்.

கோடையில் ஜன்னல் துளைகளுக்குள் தலையை நீட்டாதீர்கள். கூட்டில் இருக்கும் ஃபுல்மார் பறவை நாற்றமடிக்கும் எண்ணெயைத் துப்பும். துணியிலிருந்து அந்த வாடை லேசில் போகாது. அதைவிட, திடுக்கிட்டுப் பின்வாங்குவதுதான் ஆபத்து.

அவசரமில்லாமல் பாருங்கள். நான்காம் பிரபு ஜார்ஜ் தன் சொந்த மகன் ஜானையே இங்கே அடைத்து வைத்தார். 1576இல் ஜான் சிறையிலேயே இறந்தார். பாறையில் வெட்டிய அகழியையும் விட்டுவிடாதீர்கள்.

டிசம்பரில் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், காலையிலேயே போங்கள். வாயில் மூடியிருந்தாலோ காற்று மிஞ்சினாலோ கரைப்பக்கப் புல்வெளியில் நின்றே முழுக் கோட்டையும் தெரியும். யாராவது விழுந்தால் கீழே இறங்க முயலாமல் 999ஐ அழைத்து, கோஸ்ட்கார்டு வேண்டும் என்று கேளுங்கள்.